கரடியார் பாடுபட்டுப் பெயிலான கதை

ஒரு காட்டில் ஒரு சபை இருந்தது. சபை என்றால் சும்மா இல்லை. மணிக்கூண்டு உண்டு, ஒலிபெருக்கி உண்டு, ஜெபம் பண்ணும்போது மட்டும் கூவுகிற கோளாறு அந்த ஒலிபெருக்கிக்கு உண்டு. போதகர் ஒரு கொக்கு. வெள்ளை அங்கி தைக்கிற வேலையே அவருக்கு இல்லை. அந்தப் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆகையால் அவர் கொக்கு ஐயர்.

அந்தச் சபையில் கண் திறக்காத குட்டி முதல் பல் போன கிழடு வரைக்கும் எல்லாருக்கும் ஞாயிறு பள்ளி உண்டு. பாலர் வகுப்பு, வாலிபர் வகுப்பு, பெரியோர் வகுப்பு. வயசாகிவிட்டது என்று சொல்லி யாரும் தப்பிக்க முடியாது. பெரியோர் வகுப்புக்கு வருஷம் ஒரு பரீட்சை. பாஸானால் என்ன கிடைக்கும் என்று கேட்கிறீர்களா? அங்கேதான் வினை. பாஸானவரை அடுத்த ஞாயிறே பாலர் வகுப்புக்கு வாத்தியாராகப் போட்டுவிடுவார்கள்.

பாலர் வகுப்பு முழுக்கக் குரங்குக் குட்டிகள். பதினேழு உருப்படி. கை சும்மா இருக்காது, கண்டதையும் பிடுங்கும். போன வருஷம் பாஸான மயில் வாத்தியார் இப்போது இரண்டே இறகோடு நடமாடுகிறார். அதற்கு முந்தின வருஷம் முள்ளம்பன்றி டீச்சர் ஒரு முள் மிச்சமில்லாமல் வீட்டுக்குப் போனபோது, கட்டின புருஷனே, "யாரும்மா பெருச்சாளி, யாரைப் பாக்கணும்?" என்று கேட்டான்.

இதையெல்லாம் பார்த்துத்தான் கரடி வேதமாணிக்கம் பெரியோர் வகுப்பில் பதினோரு வருஷமாக விடாமல் பெயிலாகி வந்தார். உடம்பு முடியைத் தவிர அவருக்கு வேறு பெருமை இல்லை. உள்ளங்காலிலிருந்து காது வரை கறுகறுவென்று இருக்கும். பரீட்சைத் தாள் வந்ததும் எல்லாக் கேள்விக்கும் 'தெரியாது' என்று எழுதுவார். அடியில் 'ஸ்தோத்திரம்' என்று போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குவார்.

பன்னிரண்டாம் வருஷம் கொக்கு ஐயர் பரீட்சையை மாற்றிவிட்டார். எழுத்து வேலையே கிடையாது. நூறு வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் சரியா தவறா என்று கட்டத்தில் குறி போட வேண்டும். ஒரு கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. முப்பத்தைந்து வாங்கினால் பாஸ்.

"ரொம்ப லேசுட்டி," என்றார் வேதமாணிக்கம், மனைவி அன்னபாக்கியத்திடம். "கண்ணை மூடிக்கிட்டுக் குறி போட்டுட்டு வந்துருவேன்."

அன்னபாக்கியம் தேன் வடிகட்டிக்கொண்டிருந்தாள். "கண்ணை மூடிக்கிட்டுப் போட்டா பாதியாவது சரியா விழும். பாதின்னா அம்பது. அம்பதுன்னா நீங்க பாஸு."

கரடிக்கு முதுகு முடியெல்லாம் குத்திட்டு நின்றது. "அப்போ பெயிலாக என்னதான் வழி?"

"பதிலு தெரிஞ்சிருக்கணும். தெரிஞ்சாத்தானே மாத்திப் போட முடியும்?"

அன்றைக்கு உட்கார்ந்தவர்தான். வேதத்தைத் திறந்தார், மூன்று மாசம் மூடவில்லை. யார் யாரைப் பெற்றார் என்று போகிற பேர் வரிசையைக்கூட விடவில்லை. தேன்கூட்டைத் தேடிப் போகவில்லை, மத்தியானத் தூக்கம் இல்லை. முழங்காலில் நின்று, "ஆண்டவரே, என்னைக் கைவிட்டுவிடும்" என்று கண்ணீரோடு ஜெபம் வேறு. அன்னபாக்கியம் பெண்கள் சங்கத்தில் எழுந்து நின்று, "எங்க வீட்டுக்காரர் மனந்திரும்பிட்டாரு" என்று சாட்சி சொன்னாள். எல்லாரும் கை தட்டினார்கள்.

பரீட்சை நாள் வந்தது. பெரியோர் வகுப்பில் இன்னும் பாஸாகாமல் பாக்கி இருந்தது மூன்றே பேர். எருமை செல்லக்கனி தாளை வாங்கினாள், முகர்ந்தாள், தின்றுவிட்டாள். நரி தங்கையா மேலிருந்து கீழே வரை 'சரி', 'சரி', 'சரி' என்று போட்டுக்கொண்டே போனான்.

"என்னடே, வாசிக்காமலே போடுத?" என்று கரடி காதைக் கடித்தார்.

"ஐயர் எழுதினது எப்படி அண்ணாச்சி தப்பா இருக்கும்?"

கரடி தன் தாளைப் பார்த்தார். வெள்ளத்தில் மிதந்த பேழை கொப்பேர் மரத்தால் செய்யப்பட்டது. சரிதான், 'தவறு' போட்டார். பேழையில் முப்பது மாடிகள். தவறுதான்; 'சரி' போட்டார். இப்படியே அறுபத்தாறு தாண்டி அறுபத்தேழுக்கு வந்தார். அங்கே பேனா நின்றுவிட்டது.

'வழுக்கைத் தலைத் தீர்க்கதரிசியைக் கேலி பண்ணின பிள்ளைகளைப் பீறிக் கிழித்துப்போட்டவை இரண்டு கரடிகள்.'

வேதம் முழுக்க ஆட்டுக்கு இடம் உண்டு, கழுதை பேசவே பேசியிருக்கிறது. கரடிக்கு ஒரு உருப்படியான வேலை கிடைத்தது அந்த ஒரு இடத்தில்தான். அதைப் போய்ப் பொய் என்று எழுதுவதா? பாட்டன் பூட்டன் காறித் துப்ப மாட்டார்களா? 'சரி' என்று போட்டார். போட்ட வேகத்தில் தாள் கிழிந்தது.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஐயர் ரிசல்ட்டை வாசித்தார். "செல்லக்கனிக்குத் தாள் இல்லை. தங்கையா ஐம்பத்திரண்டு. வேதமாணிக்கம், நூற்றுக்கு ஒன்று."

"அல்லேலூயா!" என்று கரடி போட்ட சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது.

ஐயர் ஒற்றைக் காலில் நின்றபடி அவரையே பார்த்தார். "வேதமாணிக்கம், ஒண்ணுமே தெரியாதவன் அம்பது எடுப்பான். ஒரு மார்க் எடுக்கணும்னா நூறு பதிலும் தெரிஞ்சிருக்கணும். இப்படி ஒரு படிப்பாளியைப் பன்னிரண்டு வருஷமா பின்பெஞ்சில வச்சிருந்தோமே!"

"ஐயா, நான் பெயிலு! தங்கையாதான் பாஸு, அவனைப் போடுங்க!"

"அவன் எதைக் கேட்டாலும் சரிங்கான். அவனைக் கமிட்டியில போட்டாச்சு. சபையாரே, அண்ணன் வேதமாணிக்கம் பாலர் வகுப்பை நடத்த உங்களுக்குச் சம்மதமானால் ஆமென் சொல்லுங்கள்."

எல்லாரும் ஆமென் சொன்னார்கள். மயில் வாத்தியார் இரண்டு தடவை சொன்னார். சபை நடுவே ஆமென் விழுந்த பிறகு யார் மாட்டேன் என்பது?

வெளியே வந்ததும் நரி கேட்டான்: "முப்பத்துநாலு மார்க் எடுத்துட்டு நிறுத்தியிருக்கலாமே அண்ணாச்சி? அதுவும் பெயிலுதானே?"

"எங்கடே நிறுத்த? படிச்சது பூராவும் முட்டிக்கிட்டுல்லா வந்துச்சு," என்றார் கரடி.

மத்தியானம் மூன்று மணிக்குப் பாலர் வகுப்புக் கதவு திறந்தது. பதினேழு ஜோடிக் கண்ணும் அவருடைய முடியைப் பார்த்தன. முன்வரிசைக் குட்டி ஒன்று அன்பாகக் கேட்டது: "வாத்தியாரே, பேன் பாக்கட்டுமா?"

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் நாடகம் அமோகம். நட்சத்திரத்தைப் பார்த்து வருகிற சாஸ்திரிகள் மூன்று பேருக்கும் தொப்புள் வரைக்கும் தாடி. மேய்ப்பர்களுக்கு ஆளுக்கொரு கம்பளி. ஒட்டகத்துக்குக்கூடப் புருவம் வைத்திருந்தார்கள். கமிட்டி மெம்பர் தங்கையா முன்வரிசையில் உட்கார்ந்து, "சரி, சரி, ரொம்பச் சரி" என்று தலையாட்டினான். அன்னபாக்கியம் மேடையைக் காட்டிப் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: "அம்புட்டும் எங்க வீட்டு முடியாக்கும்."

அவளுக்கு மறுபக்கம், போர்வையைப் போர்த்திக்கொண்டு, குளிரில் நடுங்கியபடி வேதமாணிக்கம் இருந்தார்.

நீதி: எல்லாவற்றுக்கும் 'சரி' போடுகிறவன் கமிட்டிக்குப் போவான், யோசித்துத் தப்புப் போடுகிறவன் மொட்டையாவான்.