ஐம்பத்தொன்பதாம் ஆண்டுக் கோலை நான் அடிக்கவில்லை

ட்வெய்ட்டா, ஒஸ்லோ
8.10.2006

அன்புள்ள மச்சான் யோகராசா அறிவது,

இங்கே நானும் பூமணியும், முழங்கால்களைக் கணக்கில் எடுக்காவிட்டால், நலம். ரொறன்ரோவில் நீரும் பிள்ளைகளும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உம்மிடம் ஓர் உறுதிமொழி வேண்டும். ஒரு பக்கம் போதும். 1959ஆம் ஆண்டு உதைபந்தாட்ட இறுதிப் போட்டியில் எங்கள் கலைவாணி விளையாட்டுக் கழகத்துக்காக அந்த ஒரே கோலை அடித்தவர் நீர்தான், நான் அல்ல என்று எழுதிக் கையெழுத்திட்டு, தயவுசெய்து விரைவாக அனுப்பவும்.

நடந்தது உமக்குத் தெரியும். ஆனாலும் வரிசையாகச் சொல்லிப் பார்க்காவிட்டால் எனக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. கழகத்தின் காரியதரிசியான நான், பட்டியலை நிரப்ப ஆள் போதாமல் என் பெயரையும் அதில் எழுதியிருந்தேன். போட்டியன்று எங்கள் முன்வரிசைக்காரன் காய்ச்சலில் விழுந்தான். விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த நீர் வேற்றூர்க்காரர். உம்மை இறக்க விதி இடம்தராது. பெயர் மாற்றி ஆள் இறக்குவது அந்தக் காலத்தில் எல்லாக் கழகமும் செய்த வேலைதான் என்பதால், நீர் என் பெயரில் இறங்கி அடித்தீர். நான் கோட்டுக்கு வெளியே நீர் கழற்றித் தந்த சேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுநாள் பத்திரிகையில் 'இரத்தினவேல் அடித்த அற்புதக் கோல்' என்று வந்தது. இரண்டு வருடம் கழித்து அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் பூமணியின் தகப்பனார் மாப்பிள்ளை கேட்டு வந்தார். "தம்பி, எந்தக் காலாலை அடிச்சனீர்?" என்றுதான் முதலில் கேட்டார். பயத்தில் "வலது" என்றேன். கலியாணம் முடிந்துவிட்டது.

இப்போது இங்கே தக்ஷாயினி என்ற பிள்ளை எங்கள் கழகத்தைப் பற்றிப் படம் எடுக்கிறாள். நல்ல பிள்ளை, ஆனால் யார் சொல்வதையும் முடிக்கவிடமாட்டாள். உண்மையான உதைபந்தாட்ட வீரர்களின் வாழ்க்கையைச் சொல்லும் படங்கள் ஐந்தைத் தந்து, பார்த்துப் பழகச் சொன்னாள். குறிப்பேட்டில் அட்டவணை போட்டுப் பார்த்தேன். எல்லாம் 'இது உண்மைக் கதை' என்றுதான் தொடங்குகின்றன; எல்லாவற்றிலும் தாய் அழுகிறாள், முழங்கால் உடைகிறது, கடைசி ஆட்டத்தில் மழை கொட்டுகிறது. ஐந்துக்கு ஐந்தும் மழை.

"அங்கிள், உங்கட முழங்கால் எப்ப உடைஞ்சது?"

"உடையேல்லைப் பிள்ளை. இது வாதம்."

"அப்ப, வாதம் அந்த பைனல் மச்சிலை தொடங்கினதெண்டு வைப்பம்."

போன சனிக்கிழமை புருசெத் மைதானத்தில் படப்பிடிப்பு. என்னுடைய வேடத்தில், அதாவது என்னுடைய பெயரில் விளையாடிய உம்முடைய வேடத்தில், லதீசன் என்ற பல்கலைக்கழக மாணவன். சித்திரை வெயிலில் நடந்த ஆட்டம் என்று நான் எவ்வளவோ சொல்லியும் "மழை இல்லாட்டி சனம் நம்பாது, அங்கிள்" என்று தோட்டத்துக் குழாயால் அவனுக்குத் தண்ணீர் அடித்தார்கள்; நான்கு பாகைக் குளிரில் அவன் நடுங்கிய நடுக்கத்தை 'உணர்ச்சி' என்று எல்லோரும் மெச்சினார்கள். இப்போது இங்கேயே இருக்கும் எங்கள் கோல்காப்பாளர் வின்சென்ற் உண்மை தெரிந்தவர் அல்லவா, அவரைக் கொண்டு சொல்விக்கலாம் என்று பார்த்தால், அவர் கமராவுக்கு முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இரத்தினத்தின்ரை அந்த அடி! கோல் வலை கிழிஞ்சு போச்சு!" என்கிறார். அந்தக் கோல் கம்பத்தில் வலையே கட்டியிருக்கவில்லை. தனியே கூப்பிட்டு, ஏன் இப்படிப் பொய் சொல்கிறீர் என்று கேட்டேன். "பேசாமல் இரும் காணும். கோப்பையைத் திருப்பிக் கேட்டா ஆர் குடுக்கிறது?" என்றார்.

நானாகவே தக்ஷாயினியிடம் மூன்று தரம் சொன்னேன். "எவ்வளவு தன்னடக்கம்!" என்று அதையும் படம் பிடித்துவிட்டாள். படத்தின் பேச்சுப் பரவிவிட்டதால் இப்போது பாதாள ரயிலில் முன்பின் தெரியாத பெடியன்கள் எழும்பி எனக்கு இடம் விடுகிறார்கள். அதைவிடப் பயங்கரம், நேற்றுப் பல் விளக்கும்போது அந்தப் பந்து என் வலது காலில் பட்ட உணர்வு வந்தது. மச்சான், இன்னும் இரண்டு கிழமை போனால் நானே நம்பிவிடுவேன்.

இருபத்தெட்டாம் திகதி முதற்காட்சி. பூமணி புதுச்சேலை எடுத்துவிட்டாள். நாற்பத்தைந்து வருடம் ஒருத்தியின் பக்கத்தில் பொய்யாக இருந்த ஒருவன், முந்நூறு பேர் முன்னிலையில் அவளுக்குப் பக்கத்தில் அதே பொய்யைத் திரையில் பார்க்க முடியுமா? அதற்கு முன் அவளிடம் சொல்லிவிட வேண்டும். வாயால் சொல்லத் துணிவில்லை. உம்முடைய கடிதத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, நான் கீழே கடைக்குப் பால் வாங்கப் போவதாக உத்தேசம்.

உமக்கும் மச்சாளுக்கும் குறைவில்லாத சுகமும், பேரப்பிள்ளைகளுக்கு நல்ல படிப்பும் கிடைக்க வேண்டும் என்று வேண்டும்,

மா. இரத்தினவேல்

பி.கு.: முத்திரை தேடிக்கொண்டிருந்தபோது பூமணி இதை எடுத்து முழுவதையும் வாசித்துவிட்டாள். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"இஞ்சேருங்கோ, கலியாணம் முடிஞ்சு மூண்டாம் நாள் கோயில் வீதியிலை பெடியளின்ரை பந்து உங்களிட்டை உருண்டு வந்தது. நீங்கள் குடையாலை தட்டி விட்டனீங்கள். அண்டைக்கே எனக்குத் தெரியும்."

"அப்ப ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

"அப்பா இருக்குமட்டும் சொல்லி அந்த மனுசனைக் கொல்லச் சொல்லுறியளோ? பிறகு சொல்லுறதுக்கு, உங்களிலை எனக்குப் பெருமை, புழுகமெண்டு வேறை என்ன இருந்தது? இப்ப போய் உண்மை கிண்மையெண்டு என்ரை மானத்தை வாங்காதையுங்கோ."

ஆகவே உறுதிமொழி வேண்டாம். தவறியும் எழுதிவிட வேண்டாம். படத்தை மார்கழியில் ரொறன்ரோவிலும் காட்டுகிறார்களாம், இருவரும் வருகிறோம். அங்கே யாராவது கேட்டால், நீர் அந்த ஆட்டத்தைப் பார்க்கவேயில்லை. அன்றைக்கு நீர் கொப்பளிப்பான் அம்மை போட்டு வீட்டில் படுத்திருந்தீர் என்று பூமணி தீர்மானித்திருக்கிறாள்.