பஸ்ஸை முந்திய சாம்பல் நிறக் கார்

இயேசு மரி சூசை துணை

சென்ட் லோரன்ட்,
சனிக்கிழமை தொடங்கிச் செவ்வாய்க்கிழமை முடித்தது.

அன்புள்ள மச்சான் றெக்ஸ் அவர்களுக்கு,

உங்கள் அக்கா இமெல்டாவின் கணவன் எமிலியானுஸ் தன் சொந்தக் கையால் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். கர்க்லாண்டில் நீங்களும் வீட்டாரும் சுகமாயிருக்கச் செபிக்கிறோம். புதுக் கார் எடுத்துப் பாதரைக் கொண்டு தீர்த்தம் தெளித்து மந்திரித்தீர்கள் என்று இமெல்டா சொன்னாள். அன்று எனக்கு எழுத்து வகுப்பு. வரமுடியவில்லை, மன்னிக்க வேண்டும். அந்தச் சந்தோஷத்துக்காக வெள்ளிக்கிழமை காலை நீங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போன பயற்றம் பணியாரப் பெட்டி கிடைத்தது. இமெல்டா பூசைக்குப் போயிருந்தாள், நான் பள்ளிக்கூட பஸ் வரும் இடத்தில் நின்றேன். உங்களைக் காணக் கிடைக்காதது மனவருத்தம். பெட்டியின் மேல் நீங்கள் எழுதியதை நானே வாசித்தேன். ‘அக்காவுக்கு’ என்று மட்டும் இருந்தது. ஆனாலும் முதலாவது பணியாரத்தைச் சாப்பிட்டது நான்தான்.

மச்சான், முப்பத்திரண்டு வருடமாக என் கடிதங்களை எழுதியதும் எனக்கு வந்தவற்றை வாசித்ததும் நீங்கள். அகதி விண்ணப்பம் முதல் பென்சன் படிவம் வரை, நீங்கள் பென்சிலால் புள்ளடி போட்ட இடத்தில் நான் ஒரு கோடு கீறுவேன். அதைக் கையெழுத்து என்று இரண்டு அரசாங்கங்கள் நம்பின. பங்கு மண்டபத்தில் றோசலின் ரீச்சரிடம் நான் சேர்ந்தபோது, “எழுபத்தாறு வயசில என்ன சோதினை எடுக்கப் போறியள் அத்தான்?” என்று நீங்கள் சிரித்தீர்கள். எனக்குக் கோபமில்லை. தமிழ் எழுத்து இருநூற்று நாற்பத்தேழையும் தாண்டிய பிறகு ஆங்கில எழுத்து இருபத்தாறும் படித்தேன். அது ஒரு கிழமை வேலை. போன மாதம் சொல்வதெழுதலில் பத்துக்கு ஒன்பது புள்ளி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மகள் றெஜினா விடிய வேலைக்குப் போவதால் பேத்தி செலீனைப் பஸ் ஏற்றுவது என் பொறுப்பு. பஸ் எதிர்ப்பக்கத்தில் நிற்கும். பிள்ளை தெருவைக் கடந்துதான் ஏறவேண்டும். சிவப்பு விளக்குகள் மின்னி, பஸ்ஸின் பக்கத்திலிருந்து நிறுத்தப் பலகை வெளியே வந்தால், முன்னால் வரும் காரும் பின்னால் வரும் காரும் நிற்க வேண்டும் என்பது சட்டம். நில்லாதவனுக்கு ஒன்பது புள்ளி என்று ரீச்சர் சொன்னார். எனக்கும் ஒன்பது, அவனுக்கும் ஒன்பது. ஆனால் எனக்குக் கூடினால் பெருமை, அவனுக்குக் கூடினால் லைசன்ஸ் போகும். சட்டம் இருந்து என்ன, ஒருத்தி கண்ணாடியைப் பார்த்து உதட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டு போகிறாள், ஒருவன் கோப்பி குடித்துக்கொண்டு போகிறான், ஒருநாள் ஒரு வான் போன வேகத்தில் செலீனின் தொப்பி பறந்து சாக்கடைக்குள் விழுந்தது, தலை தப்பியது தேவதாயின் காவல், பிள்ளையோ “தாத்தா, புதுத் தொப்பி வாங்குவமோ?” என்று கேட்கிறாள், நான் என்ன சொல்ல, நேரே மூலைக்கடை டெப்பனருக்குப் போய் ஒரு வெறும் மட்டைப் பெட்டி கேட்டு வாங்கி, வெட்டி, சிவப்புப் பேனையால் ‘நில்’ என்று எழுதினேன். வாழ்க்கையில் நான் ஊருக்காக எழுதிய முதல் சொல்.

அடுத்த நாள் அதைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் நின்றேன். நீங்கள் நம்பமாட்டீர்கள், எல்லாக் கார்களும் நின்றன. அது என்ன எழுத்து என்று பார்க்க நின்றன. ஒரு பிரெஞ்சுக்காரர் கண்ணாடியை இறக்கி, என்ன எழுதியிருக்கிறது என்று செலீனிடம் கேட்டார்.

“‘நில்’ எண்டு சொல்லு பிள்ளை,” என்றேன்.

அவள் பிரெஞ்சில் சொன்னாள். அவர் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

“அதுதானே நிக்கிறன் எண்டு சொல்லுறார், தாத்தா.”

ஒன்பது பள்ளி நாட்கள் ஒருவரும் பஸ்ஸைக் கடக்கவில்லை. பத்தாம் நாள், அதாவது வெள்ளிக்கிழமை, சிவப்பு மின்னிக்கொண்டிருக்க, செலீன் ஒரு காலைத் தெருவில் வைத்திருக்க, ஒரு சாம்பல் நிறப் புதுக் கார் வந்தது. நான் பிள்ளையின் பையைப் பிடித்து இழுத்தேன். அவன் நிற்கவில்லை. இரண்டு தரம் ஹோர்ன் அடித்து, ஜன்னலுக்கு வெளியே கையைப் போட்டு எனக்கு ஆட்டிக்காட்டிவிட்டுப் போனான். கண்ணாடியில் வெயில் பட்டதால் முகம் தெரியவில்லை. நல்ல தாய் தகப்பனுக்குப் பிறந்தவன் இப்படிச் செய்வானா? உங்களைப் போன்ற ஒருவரிடம் அவன் கார் ஓட்டப் பழகியிருந்தால் நின்றிருப்பான்.

ஆனால் இந்த ஊரில் இலக்கத் தகடு பின்னால்தானே இருக்கிறது. எழுத்தும் இலக்கமுமாக ஆறு. மட்டையின் பின்பக்கத்தில் ஆறையும் எழுதிவிட்டேன். பஸ் ஓட்டும் பெண்மணி கார் நிறத்தை மட்டும்தான் கண்டிருந்தார். என் மட்டையைப் பார்த்து இறங்கி வந்து என் கையைக் குலுக்கினார். அவர் அறிவித்ததால், பின்னேரம் பொலிஸ்காரப் பெண் வீட்டுக்கு வந்து, ஆறையும் ஒவ்வொன்றாக வாசித்துத் தலையாட்டி, படிவத்தை நீட்டினாள். புள்ளடி தேடாமல் என் முழுப்பெயரையும் எழுதினேன். அவள் பொறுமையாக நின்றாள். என் எழுத்தைப் பாருங்கள் என்று அந்த ஆறையும் இக்கடிதத்தின் மூலையில் பெரிதாக எழுதியிருக்கிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். எல்லாப் பள்ளிக்கூட பஸ்ஸிலும் கமரா பூட்டச் சட்டம் வேண்டும் என்று, வரும் ஞாயிறு பூசைக்குப் பிறகு பங்கு மண்டபத்தில் கையெழுத்து வாங்குகிறோம். இருபத்தெட்டு வருடம் ஒரு டிக்கெட்டும் வாங்காதவர் நீங்கள். முதல் பேச்சு நீங்கள் பேச வேண்டும் என்று ரீச்சரிடம் சொல்லிவிட்டேன்.

தேவதாய் உங்களையும் பிள்ளைகளையும் புதுக் காரையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
அன்பு அத்தான்,
எமிலியானுஸ்

பி.கு.: உறையில் விலாசம் எழுத வந்த றெஜினா கடிதத்தின் மூலையைப் பார்த்துவிட்டு, உங்கள் காரை மந்திரித்த அன்று எடுத்த படத்தைப் போனில் காட்டினாள். அந்தத் தகட்டிலும் இதே ஆறுதான். நீங்கள் கை காட்டியது அன்பினால் என்று இப்போது விளங்குகிறது. தாய் தகப்பனைப் பற்றி மேலே எழுதியது என் மாமா மாமியைப் பற்றி என்று தெரியாமல் எழுதியது. அவர்களுக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுக்கிறேன். நான்கு நாள் எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை. அந்தத் தெருவில் ‘நில்’ என்பதை வாசிக்கக்கூடிய ஒரே சாரதி நீங்கள்தான், மச்சான்.

“அப்பா, இப்பதானே எழுதப் பழகினனான், பிழையா எழுதிப்போட்டன் எண்டு பொலிசுக்குச் சொல்லுங்கோ,” என்கிறாள் றெஜினா. இமெல்டா காலையிலிருந்து தேத்தண்ணி தரவில்லை. உங்களுக்காக வேறு எதுவும் செய்வேன். ஆனால் செலீனின் கால் தெருவில் இருந்தது. நான் எழுதியதில் பிழையும் இல்லை. இந்த முறை பத்துக்குப் பத்து.

பொலிசிடமிருந்து கடிதம் வந்தால் பிரிக்காமல் வையுங்கள். பிரெஞ்சில்தான் இருக்கும். ஆனாலும் நான் வந்து, அந்த ஆறையும் என் பெயரையும் உங்களுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.