எல்லார் திறப்பும் அவரிடம்

எங்கள் ஒழுங்கையில் அவருக்குத் தெரியாமல் ஒருவரும் சாக முடியாது.

மன்னார் டவுனில் மாதா படம் தொங்கும் வீடும் ஹாஜியார் வீடும் ஒரே மதிலைப் பங்குபோடும் சின்ன ஒழுங்கை அது. ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயரை எல்லாரும் மறந்துவிட்டோம். 'உயிரோடயோ அண்ணை' என்றுதான் சொல்வோம். முருங்கன் பஸ்ஸில் கொண்டக்டராக இருந்து இளைப்பாறியவர், தனிக்கட்டை. விடிய ஆறு மணிக்கு ஒவ்வொரு கேற்றாகத் தட்டி, "உயிரோடயோ?" என்று கேட்பார். உள்ளேயிருந்து "ஓம்" என்றால் போதாது. முகத்தைக் காட்ட வேண்டும். புதிதாகக் கலியாணம் முடித்த சோடிக்கும் விலக்கில்லை.

ஒருநாள் பொறுக்க முடியாமல், "செத்துப்போனன் அண்ணை, போங்கோ" என்று கத்தினேன். கதவைத் திறந்துகொண்டு கட்டிலடிக்கே வந்துவிட்டார். "பகிடிக்கும் அப்பிடிச் சொல்லாதை தம்பி."

எல்லார் வீட்டுத் திறப்பிலும் ஒன்று அவருடைய சாவி வளையத்தில் தொங்கியது. பயமுறுத்தியே வாங்கியிருந்தார். "நீ குளியலறையில வழுக்கி விழுந்தா ஆர் கதவு திறக்கிறது?" என்றால் யார்தான் கொடுக்கமாட்டார்கள்? ஹாஜியார் மட்டும் "அல்லா பாத்துக்கொள்வான்" என்றார்.

"பாத்துக்கொள்வான்தான் ஹாஜியார். கதவை நான் திறக்கிறன்."

மறுநாள் ஹாஜியாரின் திறப்பும் வளையத்தில் ஏறியது.

இந்தப் பைத்தியத்துக்கு ஒரு காரணம் இருந்தது. முன்பு கடைசி வீட்டில் தனியாக இருந்த ஒரு மனிதர் செத்துக் கிடந்தது இரண்டு நாளாக எவருக்கும் தெரியவில்லை. "ரெண்டு நாளும் அந்தக் கேற்றடியாலதான் நான் போய் வந்தனான்" என்பார்.

போன மாரியில் புயல் வந்தது. இரவு முழுக்கக் காற்று கூரை ஓடுகளைப் பிடுங்கியது, கரண்ட் இல்லை. காலை ஆறு மணியாகியும் கேற்றில் தட்டுச் சத்தம் கேட்கவில்லை. ஆறேகால் ஆனது. என்னை மறந்துவிட்டாராக்கும் என்று எட்டிப் பார்த்தால் ஒவ்வொரு கேற்றிலும் ஒரு தலை. ஒருவர் முகத்திலும் இரத்தமில்லை.

முழங்கால் தண்ணீரில் அவர் வீட்டுக்கு ஓடினோம். கதவு பூட்டிக் கிடந்தது. எவ்வளவு தட்டியும் பதிலில்லை. அப்போதுதான் உறைத்தது: எங்கள் எல்லாருடைய திறப்பும் அவரிடம், அவருடையது எங்களில் ஒருவரிடமும் இல்லை. ஒருநாளாவது நாங்கள் அதைக் கேட்டதில்லை. ஹாஜியார் ஓதத் தொடங்கினார். பக்கத்து வீட்டு ரீச்சர் செபமாலையை எடுத்தார். நான் கதவை இடித்து உடைத்தேன்.

தண்ணீர் ஏறாத அடுப்படியில் விழுந்து கிடந்தார். சீனி வருத்தக்காரர், புயல் பயத்தில் சாப்பிடாமல் மருந்தை மட்டும் விழுங்கியிருக்கிறார்; சீனி இறங்கிவிட்டது. ரீச்சர் அவர் உதட்டின் உட்புறம் சீனியைத் தடவிவிட்டார். எவ்வளவு நேரமென்று தெரியாது. கடைசியில் கண் திறந்தது. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"எல்லாரும் உயிரோடயோ?"

"ஓம் அண்ணை" என்றார் ஹாஜியார், அழுதுகொண்டே.

"அப்ப கதவை ஏன் உடைச்சனீங்கள்?"

புதுக் கதவுக்கு வீட்டுக்கு ஒன்றாகத் திறப்பு வெட்டினோம். என்னுடையது தலைமாட்டு ஆணியில் தொங்குகிறது. ஆனாலும் பயம் போகவில்லை. ஐந்தரைக்கே விழித்து, அவருடைய செருப்புச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கிறேன். அவர் தட்டுமுன்னரே ஓடிப்போய்க் கேற்றைத் திறந்து முகத்தைக் காட்டுகிறேன். என் முகத்தைப் பார்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அவர் அடுத்த வீட்டுக்குப் போகிறார். நான் போனது அவர் முகத்தைப் பார்க்க.