அண்ணியின் படத்தில் பெய்த மழை

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

உங்கள் கொழுந்தன் இரண்டு மீட்டர் தள்ளி நின்று எழுதிக்கொள்வது. முகக்கவசத்துக்கு மேலே தெரிகிற அளவில் நான் நலம். கவசத்துக்குக் கீழே இருக்கும் வாயை ஒரு வாரமாக என் மனைவி திறக்க விடுவதில்லை; கூடத்தைப் பற்றிப் பேசிப் பேசியே அவள் காதைப் புண்ணாக்கிவிட்டேனாம். அதனால்தான் கடிதம். நீங்களும் அண்ணனும் நலமாக இருக்க வேண்டும். குறிப்பாக, இதைப் படித்து முடித்த பிறகும் நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

முதலில் நல்ல சேதி. நம் ஓவியக் கூடம் பிழைத்துவிட்டது, அண்ணி! பிழைக்க வைத்தது நீங்கள். பதினோரு மாதம் பூட்டிக் கிடந்த அந்த அறைகளை மூன்று நாள் மட்டும் திறந்து பார்க்கச் சொல்லியிருந்தார்கள் நகராட்சியில். மூன்றாம் நாள் சுகாதார ஆய்வாளர் வந்து கையெழுத்துப் போட்டால் கூடம் நமக்கு. போடாவிட்டால் பக்கத்து அலுவலகத்தின் உடைந்த நாற்காலிகள் அங்கே குடியேறும். நாற்காலிகள் ஏற்கெனவே நம் வராந்தாவுக்கு வந்துவிட்டன. டாக்டர் எப்போது கூப்பிடுவார் என்று காத்திருக்கும் நோயாளிகள் மாதிரி வரிசையாக நின்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தன.

நம் செயலாளர் தையல்காரர் என்பது உங்களுக்குத் தெரியும். இடைவெளி விதி வந்ததிலிருந்து அவரைப் பிடிக்க முடியவில்லை. கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு ஆளுக்கு ஆள், படத்துக்குப் படம் அளக்கிறார். வந்தது முப்பது படம். அவர் அளவுக்குச் சுவரில் இடம் பதினொன்றுக்குத்தான். உங்கள் மொட்டை மாடியில் நீங்கள் அந்த மூலையிலும் நான் இந்த மூலையிலுமாக உட்கார்ந்து ஒரே துணிக்கொடியை வரைந்தோமே, “தம்பி, கண்ணுக்குத் தெரியறத வரைங்க, மனசுல இருக்கறத வரையாதீங்க” என்று நீங்கள்கூடத் தலையில் அடித்துக்கொண்டீர்களே, அந்த என் படத்தைக் கையில் எடுத்தார். “இது சட்டைங்களா? நாப்பது வருஷமா தைக்கிறேன், இப்படி ஒரு தோள்பட்டையை நான் பார்த்ததே இல்ல” என்றார். அடுத்து உங்கள் படத்தை எடுத்தார். “இது சட்டை.” அவ்வளவுதான் தீர்ப்பு. உங்களுக்கு நடு அறையில் நடுச்சுவர், எனக்குச் சாமான் அறை. அதற்குப் பிறகு, தேர்வானது ஆகாதது எல்லாவற்றையும் பழையபடி கட்டி, மூன்று நாள் யாரும் தொடக்கூடாது என்று சாமான் அறையிலேயே வைத்துப் பூட்டினோம்.

இனிமேல்தான் நீங்கள் உட்கார்ந்து படிக்க வேண்டிய இடம்.

மூன்று நாள் போதுமா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. உங்கள் தெருவில் இரண்டு வீட்டில் காய்ச்சல் என்று அண்ணன் வேறு போனில் சொல்லியிருந்தார். திறப்பு நாள் காலையில் கிருமிநாசினி பாட்டிலை எடுத்துக் கதவுக் கைப்பிடிக்கு அடித்தேன், நேரம் முடிந்ததைச் சொல்லும் மணிக்கு அடித்தேன், வருகைப் பதிவேட்டுப் பேனாவுக்கு அடித்தேன், அதே வேகத்தில் சாமான் அறைக்குள் போய், உங்கள் வீட்டுப் பச்சை நாடா கட்டிய பொட்டலத்தைப் பிரித்தேன். மூக்குக் கண்ணாடி முழுக்க மூச்சுக் காற்றின் ஆவி, எதிரில் இருப்பது படமா சுவரா என்றே தெரியவில்லை, இருந்தாலும் கடமை என்று ஒன்று இருக்கிறதல்லவா, மேலிருந்து கீழாக நன்றாக நாலு தடவை அடித்துவிட்டேன்.

ஆவி விலகியது. படத்தில் வெயிலைக் காணோம். வானத்து நீலம் வழிந்து சட்டைக்குள் இறங்கிவிட்டது, சட்டை கரைந்து தரைக்கு வந்துவிட்டது. தையல்காரர் எட்டிப் பார்த்தார்.

“என்னய்யா இது?”

“மழை” என்றேன்.

“செவுத்துல ஒட்டின சீட்டுல ‘வெயில்’னு எழுதியிருக்கு?”

“சீட்டை மாத்திடலாம்ணே.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். திறக்க அரை மணிதான் இருந்தது. ‘எடுப்பதற்குள் மழை’ என்று புதுச் சீட்டு எழுதி ஒட்டினோம். ஓவியர் பெயர், உங்கள் பெயர்தான்.

முதல் நாள் நாலு பேர் வந்தார்கள். அதில் இருவர் பக்கத்து அலுவலகத்துக்கு வழி கேட்க வந்தவர்கள். இரண்டாம் நாள் பதினாறு பேர். அத்தனை பேரும் நடு அறையில் வந்து நின்றுவிட்டார்கள். மூன்றாம் நாள் ஆய்வாளர் வந்தார். கஞ்சி போட்ட சட்டை, கையில் படிவம், முகத்தில் கவசத்தையும் மீறித் தெரிந்த கடுகடுப்பு. வாசலில் நம் தையல்காரர் டேப்போடு போய், பழக்க தோஷத்தில், “கையைக் கொஞ்சம் தூக்குங்க” என்றாரே பார்க்கணும்! அந்த மனிதரும் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். மார்பளவு எடுத்து முடித்த பிறகுதான் இருவருக்கும் சுயநினைவு வந்தது. தீர்ந்தது, நாற்காலிகளை உள்ளே கூப்பிட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

அவர் தரையில் ஒட்டியிருந்த அம்புக்குறிப்படி நடந்தார். ஜன்னலைப் பார்த்தார், எழுதினார். பாட்டிலைப் பார்த்தார், எழுதினார். உங்கள் படத்துக்கு வந்தார். பேனா நின்றுவிட்டது. ஒருவருக்குக் கால் மணி நேரம்தான் என்பது விதி. மணி அடித்தேன், அவர் அசையவில்லை. இன்னொரு தடவை அடித்தேன். வெளியே ஐந்து பேர் வரிசையில் நின்று முணுமுணுக்கிறார்கள்.

“சார்… நேரம்…”

“எங்க வீட்லயும் துணி இப்படித்தாங்க நனையும்” என்றார் திரும்பாமலே. “அம்மா உள்ளேருந்து கத்துவாங்க. நீ போ, நீ போன்னு எங்களுக்குள்ள அடிச்சுக்குவோம், ஒருத்தனும் எழுந்திருக்க மாட்டோம். இந்த வேலையில அஞ்சு மாசமா அம்மாவைப் போய்ப் பார்க்கவே இல்லைங்க.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆவி என்றுதான் நானும் வைத்துக்கொண்டேன். பிறகு படிவத்தைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். “இதை வரைஞ்சவங்க ஞாயித்துக்கிழமை வந்து, இந்த மழையை எப்படிக் கொண்டு வந்தாங்கன்னு செஞ்சு காட்டணும். நான் லீவு போட்டுட்டு வரேன்” என்றார். சாயங்காலத்துக்குள் நாற்காலிகள் வந்த வழியே திரும்பிப் போயின. தையல்காரர் அவற்றுக்கும் இடைவெளி அளந்துதான் அனுப்பினார்.

ஆகவே அண்ணி, முதலில் மன்னிப்பு. உங்கள் வெயிலைக் கொன்றவன் நான். அதைவிடப் பெரிதாக நன்றி. எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்ட காலத்தில், “மாடி திறந்துதான் இருக்கு, வந்து உட்காருங்க தம்பி” என்று கூப்பிட்டீர்களே, அதிலிருந்து தொடங்குகிற நன்றி.

அண்ணனுக்கு என் வணக்கத்தைக் கழுவிய கையோடு சொல்லவும். உங்கள் வீட்டில் இருமல்கூட எட்டிப் பார்க்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
பாட்டிலும் கையுமாகப் பிடிபட்ட
உங்கள் கொழுந்தன்

பி.கு.: உறையை ஒட்டும் முன் படத்தை உங்களுக்கே அனுப்பலாம் என்று கழற்றினேன். பின்பக்கம் பென்சிலில் என் கையெழுத்து! சாமான் அறைக்கு ஓடினேன். உங்கள் படம் பச்சை நாடாவோடு, ஒரு சொட்டு ஈரம் படாமல், வெயில் அடித்தபடியே இருக்கிறது. ஒரே நாடாவை இரண்டாக வெட்டி இரண்டு பொட்டலத்தையும் கட்டியது நீங்கள்தானே? மூன்று நாள் அந்தப் படத்துக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். நாலு பேர் நின்று ரசித்ததால் அது என்னுடையதாக இருக்கும் என்று சந்தேகமே வரவில்லை. தையல்காரரிடம் சொன்னேன். “நானும் பார்த்தேன், அந்தத் தோள்பட்டை எங்கயோ பார்த்த மாதிரி இருக்கேன்னு” என்றார். நாளை உங்கள் வெயில் நடுச்சுவருக்கு வருகிறது. என் மழை இரண்டு மீட்டர் தள்ளி. ஞாயிற்றுக்கிழமை செய்து காட்ட வேண்டியவனும் இப்போது நான்தான். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை பாட்டில். தயவுசெய்து பக்கத்தில் வந்து நில்லுங்கள். மேலே கேட்ட மன்னிப்பை மட்டும் திருப்பி அனுப்பிவிடுங்கள். நன்றியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்; அதில் ஆள் மாறவில்லை.