அளந்தவனைப் போக விடாதீங்க

கலகெதரவைத் தாண்டிக் கண்டிப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. பைக்குள் இரண்டு சட்டை, இடுப்பில் கட்ட ஒரு சாரம், பாதி தீர்ந்த சவர்க்காரம். அன்று காலைதான் என்னை வேலையை விட்டு விரட்டியிருந்தார்கள். விரட்டப்படுவது எனக்குப் புதிதல்ல. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது (நான்தான் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்று பிள்ளைகளிடம் சொல்லிவைத்திருக்கிறேன்). அதன் பிறகு நாவலப்பிட்டியில் பேக்கரி, பல்லேகலவில் செருப்புத் தொழிற்சாலை, இன்னும் பெயர் மறந்துபோன இடங்கள். ஆனால் ஒரு சினிமாப் பிணக்காரனால் வேலை போனது அதுதான் முதல் தடவை.

விஷயம் இதுதான். கலகெதரவில் சீடி வாடகைக்குக் கொடுக்கும் கடையில் நின்றேன். அங்கே ஒரு ஆங்கிலப் பேய்ப்பட வரிசை வந்து சேர்ந்தது. நான்கு பாகம், தமிழில் பேசவைத்தது. ஒவ்வொரு பாகத்திலும் ஆட்கள் புதிது, ஊர் புதிது, பேய்கூடப் புதிது. மாறாமல் வருகிற ஒரே ஆள், செத்தவர்களைக் கழுவி, உடுத்தி, பெட்டியில் வைக்கும் ஒரு மனிதன். முழங்காலுக்குக் கீழே தொங்கும் சாம்பல் நிறக் கோட்டு. படத்தின் நடுவில் எங்கிருந்தோ வருவான். உயிரோடு மிச்சம் இருப்பவர்களைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்ப்பான். போய்விடுவான். அவன் யார், ஏன் எல்லாப் பாகத்திலும் வருகிறான் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்காதது எனக்குப் பொறுக்கவில்லை. அவன்தான் எமனா? எமன் என்றால் எதற்குக் கோட்டு? அவனுக்கு வீடு உண்டா, சமைத்துப் போடுவது யார்? இதையெல்லாம் கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் கேட்டேன். கேட்பதற்கு வசதியாகக் கதை முழுவதையும் முதலிலேயே சொல்லிவிடுவேன்.

கடை முதலாளி அன்சார் நானா பொறுமைசாலி. ஆனாலும் பொறுமைக்கு ஒரு எல்லை உண்டு.

"யாரு யாரு மௌத்தாகுறாங்கனு நீயே சொல்லிட்டா, அவங்க எதுக்குடா சல்லி குடுத்து சீடி எடுக்கணும்? நீ ஈக்கிற வரைக்கும் இந்தக் கடைக்கு பரகத் இல்ல. போ வாப்பா, நல்லா இரி."

அதனால் நடந்தேன். வேலை போனதைவிடப் படுக்க இடம் போனதுதான் பயம். வடக்கில் சண்டை உச்சத்தில் இருந்த காலம் அது. தமிழ்ப் பொடியன் ஒருவனைச் சோதனைச் சாவடியில் நிறுத்தினால் இரண்டு கேள்விதான்: எங்கே தங்கியிருக்கிறாய், யாரிடம் வேலை செய்கிறாய்? இரண்டுக்கும் பதில் இல்லாதவன் அன்றிரவு பொலிஸில்தான் தங்குவான். எத்தனை இரவு என்பது அவன் கையில் இல்லை. என்னிடம் அடையாள அட்டை இருந்தது. பதில்தான் இல்லை. இருட்டுவதற்குள் யாராவது ஒருவருடைய ஆளாக நான் மாறவேண்டும்.

அப்போது பின்னால் ஒரு நீள வேன் வந்து மெதுவாக நின்றது. பக்கவாட்டில் மலர்ச்சாலை என்று எழுதியிருந்தது. கண்டிப் பக்கத்தில் சாவு வீட்டுக்குப் பெட்டி, வாகனம் எல்லாம் கொடுக்கும் இடத்துக்கு அதுதான் பெயர். ஓட்டி வந்தவர் கண்ணாடியை இறக்கி, "தம்பி, ஒரு பெட்டி இறக்கக் கை குடுப்பீரோ? என்ரை ஆள் காய்ச்சலெண்டு குருநாகலிலை படுத்திட்டான்" என்றார்.

என் அதிர்ஷ்டத்தைப் பாருங்கள். உயிருள்ள ஒரு பிணக்காரர்! ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.

அவர் பெயர் நாயகம். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிக்கு வந்து வெகுகாலம். கோட்டு இல்லை, பூப்போட்ட அரைக்கைச் சட்டை. வானொலியில் கிரிக்கெட் போய்க்கொண்டிருந்தது. பின்னால் பெட்டிக்குள் ஒருவர் படுத்திருந்தார். குருநாகல் ஆஸ்பத்திரியில் இறந்தவர், கட்டுகஸ்தோட்டையில் வீடு. வீட்டுக்காரர் வேறு வாகனத்தில் முன்னால் போய்விட்டார்களாம். நான் உடனே படத்து ஆளைப் பற்றி ஆரம்பித்தேன்.

நாயகம் அண்ணன் கவனமாகக் கேட்டார். கடைசியில், "அந்த ஆள் பெட்டி விக்கிறதை நீர் எப்பவாவது கண்டனீரோ?" என்றார்.

"இல்லண்ணே."

"ஒருதருக்கும் பில் குடுக்கேல்லையோ?"

"இல்ல."

"அப்ப அவன் எமனுமில்லை, ஒண்டுமில்லை. தொழில் படுத்துப்போன ஆள். அதுதான் சும்மா சும்மா வாறான்."

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை. அவன் எல்லோரையும் தலைமுதல் கால்வரை பார்க்கிறானே, அது எதற்கு?

"அது அளவு. நாங்களும் கண்ணாலைதான் அளக்கிறனாங்கள். நாடா பிடிச்சால் வீட்டுச் சனம் இன்னும் குழறி அழும். உம்மை நான் வேன் நிப்பாட்ட முன்னமே ஐஞ்சடி எட்டு எண்டு கணிச்சிட்டன்."

நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டேன். அவர் கவனிக்காமல் பலகைத் தட்டுப்பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நெட்டையான ஆட்களுக்குப் பெட்டி கிடைப்பது பெரும் பாடாம். ஐந்தரை அடி என்றால் கவலையே இல்லையாம், எப்போதும் அடுக்கில் இருக்குமாம்.

வழியில் சோதனைச் சாவடி வந்தது. ஆமிக்காரன் என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நாயகம் அண்ணன் கிரிக்கெட்டைக் குறைக்காமலே, "அபே கொல்லா" என்றார். நம்ம பொடியன். ஆமிக்காரன் அட்டையைத் தந்துவிட்டுக் கையசைத்தான். இரண்டே சொல். அந்த இரண்டு சொல்லுக்காக அவருடைய வேனைத் தினமும் நாக்கால் துடைக்கவும் நான் தயாராகிவிட்டேன்.

"அண்ணே, ஒங்ககிட்டயே நின்னுரவா?"

"இண்டைக்கு எப்பிடிச் செய்யிறீர் எண்டு பாப்பம். மலர்ச்சாலைக்குப் பின்னாலை ஒரு அறை கிடக்கு. ஆனா ஒண்டு. செத்த வீட்டிலை நிலத்தைப் பாத்துக்கொண்டு நிக்கவேணும். வாறன், போறன் எண்டு ஒருதருக்கும் சொல்லக்கூடாது. கேள்வி கேக்கவே கூடாது."

சரி என்றேன். நிலத்தைப் பார்ப்பது என்ன பெரிய வித்தையா?

கட்டுகஸ்தோட்டையில் வாசல் முழுக்க வெள்ளைக்கொடி. பெட்டியை ஒழுங்காக இறக்கினோம். ஒரு கால்கூட இடறவில்லை. நாயகம் அண்ணன் உள்ளே துணி சரிசெய்யப் போனார். நான் முற்றத்துப் படங்குப் பந்தலின் கீழ் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நிலத்தில் பார்க்க அதிகம் இல்லை. ஒரு வெற்றிலைக் காம்பு, சில எறும்புகள். கண் மெல்ல மெல்ல மேலே ஏறியது.

(இந்த இடத்தில் என் மனைவி எப்போதும் "ஐயோ" என்பாள்.)

சும்மா பழகிப் பார்ப்போமே என்றுதான் ஆரம்பித்தேன். மாமரத்தடியில் நின்றவர் ஐந்தடி மூன்று. சுருட்டுக்காரர் நீளம் சரி, அகலம்தான் பிரச்சினை. அடுத்து, பிளாஸ்டிக் கதிரையில் தனியாக ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருப்பவரை அளப்பது லேசான காரியமல்ல. இடுப்புக்கு மேலே ஒரு கணக்கு, கீழே ஒரு கணக்கு. முழங்கால் தெரியவேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் குனிந்தேன். அப்படியும் தெளிவாக இல்லாததால் அவர் முன்னால் குந்தினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சாண் போட விரல்களை விரித்தேன்.

"என்னடா தம்பி, கீழ என்னத்தத் தேடுற?"

"ஒண்ணுமில்லீங்க ஐயா."

"யாரு வீட்டுப் புள்ள நீ?"

"பெட்டிக்காரர் கூட வந்தேங்க."

பக்கத்துக் கதிரைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பெட்டிக்காரன் கூட வந்தவனுக்கு என் காலுகிட்ட என்னடா வேலை?"

ஒன்றும் சொல்லாமல் எழுந்து போயிருக்கலாம். ஆனால் அவர் முகத்தில் ஒரு கலவரம் தெரிந்தது. கடையில் நின்றபோது யாராவது முகம் வாடி நின்றால் "இருக்குங்க, கவலப்படாதீங்க" என்று சொல்லிப் பழகிய வாய். அது என்னைக் கேட்காமலே திறந்தது.

"அஞ்சரை அடிதாங்க ஐயா. அந்த அளவுக்குத் தட்டுப்பாடே இல்ல. எப்பவும் இருக்கும்."

அவர் பெயர் முத்துவேல். உள்ளே கிடந்தவருக்கு அண்ணன். கண்டி டவுனில் சைவக் கடை வைத்திருந்தவர். கலவரத்தில் கடையை எரித்தபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல், சாம்பலைக் கூட்டிவிட்டு அதே இடத்தில் மறுபடி அடுப்பு மூட்டிய மனிதர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். எரிகிற கடைக்கு அசையாத மனிதர் என் அஞ்சரை அடிக்கு அசைந்தார். நெஞ்சில் கைவைத்துக் கதிரையோடு சாய்ந்தார்.

மருமகள் ஓடிவந்து, "மாமா!" என்று ஒரு குரல் வைத்தாள். அவ்வளவுதான். உள்ளே தம்பிக்காக ஓடிக்கொண்டிருந்த ஒப்பாரி, அப்படியே திரும்பி வாசலுக்கு வந்து அண்ணனுக்காகத் தொடர்ந்தது. செத்தவர் தனியாகக் கிடந்தார்.

முத்துவேல் ஐயாவின் மூத்த மகன் ராஜு என் கொலரைப் பிடித்தார். "யார்றா நீ? எந்த ஊரு? எங்க தங்கியிருக்க?"

அதே கேள்விகள். பதில் அப்போதும் இல்லை.

"ஆளு சரியில்ல ராஜு" என்றார் சுருட்டுக்காரர். "ஒவ்வொருத்தரையா அளவு பாத்துக்கிட்டு நிக்கிறான். என்னையும் பாத்தான். இந்தக் காலத்துல என்ன ஏதுன்னு யாருக்குத் தெரியும்? பொலிசுக்குச் சொல்லிருங்க."

நான் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். சத்தம் கேட்டு நாயகம் அண்ணன் வெளியே வந்தார். என் உயிர் திரும்பி வந்தது.

"இவன் ஒங்க ஆளா?" என்று கேட்டார் ராஜு.

நாயகம் அண்ணன் என்னைப் பார்த்தார். சாய்ந்து கிடந்த பெரியவரைப் பார்த்தார். அந்தச் சுற்றுவட்டாரத்தில் சாவு விழுந்தால் எல்லோரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் அவருக்குச் சோறு.

"இல்லை ஐயா. வழியிலை ஏறின பொடியன்" என்றார்.

பிறகு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். செத்த வீட்டு முறைப்படி அதுதான் சரி. ஆனாலும் வேன் வளைவில் மறைகிறவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழக்கூடத் தோன்றவில்லை. பொலிஸ் நிலையத்தில் இரவு குளிருமா, பையில் இருக்கும் சாரத்தை அனுமதிப்பார்களா என்றுதான் யோசித்தேன்.

ராஜு டெலிபோனை எடுத்தார். அப்போது கதிரையிலிருந்து குரல் வந்தது.

"டேய். வையிடா அத."

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். யாரோ கொடுத்த சோடாவை ஒரு மிடறு குடித்தார்.

"அளந்துட்டுப் போறவன் திரும்பி எதுக்குடா வருவான்?"

சோடாப் போத்தலைக் கீழே வைத்தார்.

"பெட்டியோடதான வருவான்? போனாத்தானே திரும்பி வருவான்? அதனால இவனப் போகவிடாதீங்க. பொலிசுக்கும் போக வேணாம், எங்கயும் போக வேணாம். என் கண்ணு முன்னாலயே கெடக்கட்டும்."

"அப்பா, யாரு எவருன்னு தெரியாத ஆள..."

"யாரு கேட்டாலும் நம்ம பொடியன்னு சொல்லு. டேய், ஒன் பேரு என்னா?"

சொன்னேன். வேறு எதையும் சொல்லாமல் இருக்க நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

இப்படித்தான் நான் அந்தக் குடும்பத்துக்குள் வந்தேன். பிறகு கடையிலும் என்னை வைத்துக்கொண்டார். கல்லாவில் உட்கார்ந்தால் நேரே தெரிகிற இடத்தில், வடை அலுமாரிக்குப் பக்கத்தில். சொந்த மகன்களைக் கடையை விட்டு நிறுத்தினாலும் நிறுத்துவார், என்னை நிறுத்தமாட்டார். நான் ஊருக்குப் போகக் கேட்டால், "எதுக்குப் போற? வாறதுக்கா?" என்பார்.

அவர் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து, திருவிழா எதிலும் நான் இருப்பேன். படத்து ஆளைப் போலவே ஒரு மூலையில் நிற்பேன். யார் இவன், ஏன் எல்லாவற்றுக்கும் வருகிறான் என்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள். (அந்தக் கோட்டுக்காரனையும் முதல் பாகத்தில் யாரோ ஒரு கிழவர் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கவேண்டும். வேறு விளக்கம் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.) விவரம் தெரிந்த சொந்தக்காரர்கள், நான் மண்டபத்துக்குள் நுழைந்ததும் அளவு தப்பட்டும் என்று முழங்காலை மடக்கிக்கொண்டு உட்காருவார்கள். மருமகளின் தங்கையைத்தான் எனக்குப் பேசினார்கள். பெண் பார்க்கப் போன அன்று அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "நான் எத்தன அடி?" என்பது. இன்றும் எங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் என்னை அந்த அறைக்குள் விடமாட்டார்கள்.

பெரியவர் அதன் பிறகு நெடுங்காலம் இருந்தார். சண்டை முடிந்ததையும் பார்த்தார். அவருக்குப் பெட்டி எடுக்க என்னைத்தான் அனுப்பினார்கள். அஞ்சரை போதவில்லை. உட்கார்ந்திருந்தவரை அளந்தது என் பிழை.

அவரை முதன்முதலில் அளந்த அன்றிரவு நான் படுத்தது அந்தச் செத்த வீட்டுப் பந்தலில், இரண்டு கதிரைகளைச் சேர்த்துப் போட்டு. மறுநாள் காலையே வேலை தந்துவிட்டார்கள். செத்த வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தட்டில் பிளேன்டீ கொண்டுபோய்க் கொடுப்பது. சம்பளம் பேசவில்லை. தட்டு நிறையக் கோப்பைகளோடு முதல் முறையாக முற்றத்துக்கு வந்தேன். கதிரையில் உடம்பைச் சுருட்டி மடக்கி, கால் இரண்டையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டு, முத்துவேல் ஐயா எனக்காகக் காத்திருந்தார்.

"இங்க வாடா. பக்கத்துலயே நில்லு," என்றார். "ஆனா என்னையப் பாக்காத. தேத்தண்ணியப் பாரு."