பின்பாதி படிக்காத புத்தகமும் உங்கள் மகளும்

மேன்மைமிகு மாப்பிள்ளை அவர்களுக்கு,

மச்சான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மகளும் நலம். உங்கள் கப்பல் இப்போது எந்தக் கடலில் நிற்கிறதோ, அந்தக் கடலும் நலமாக இருக்கட்டும்.

முதலில் வெற்றிச் செய்தி. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு உடம்பைப் பற்றிப் பாடம் நடத்தப் போகிறோம், பெற்றோர் வந்து கருத்துச் சொல்லலாம் என்று கூட்டம் போட்டார்கள். நீங்கள் இல்லாத இடத்தில் தாய்மாமன் நான்தானே? கடையில் ஒரு மோட்டாருக்குப் பாதி செம்புக்கம்பி சுற்றியது சுற்றியபடி கிடக்க, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். ஆயிரம் பேர் இருக்கும். நாற்காலி அவ்வளவு இல்லை, மற்றவர்கள் நின்றிருக்க வேண்டும். “காலம் கெட்டுப்போச்சு” என்றார் ஒருவர். “கெட்டதாலதானே சொல்லிக்குடுக்கணும்ங்கறோம்” என்றார் ஒரு அம்மா. மருந்துக்கடைக்காரர், “கடையில வந்து என்ன வேணும்னு வாயைத் திறந்து கேக்கற அளவுக்காவது சொல்லிக்குடுங்கப்பா, எல்லாரும் ஜாடை காட்டறாங்க” என்றார். வழவழ கொழகொழ. பொறுக்க முடியாமல் நான் எழுந்தேன்.

நமக்குப் படிப்பு குறைவு, ஆனால் படித்த படிப்பு குறைவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். மேஜை விசிறி ரிப்பேருக்குக் கொடுத்த ஒருவர் மறந்துவிட்டுப் போன நாவல் ஒன்று கடையில் கிடந்தது. எதிர்காலத்தில் ஒரு நாடு. அங்கே குடிமக்களின் உடம்பு அரசாங்கச் சொத்து. காலையில் ஒலிபெருக்கி, “உன் கை உன்னுடையதல்ல, உன் கால் உன்னுடையதல்ல” என்று கத்தும், ஜனங்கள் வரிசையில் நின்று தலையாட்டுவார்கள். அந்தக் கதையை அப்படியே எடுத்துவிட்டேன். “இன்னிக்குப் பாடம்னு உள்ள வருவாங்க, நாளைக்கு நம்ம உடம்புல முத்திரை குத்துவாங்க!” என்றேன்.

அறிவியல் டீச்சர் எழுந்தார். சின்னப் பெண்தான். “ஐயா, அந்தக் கதையை நானும் படிச்சிருக்கேன். நீங்க பின்பாதி படிச்சீங்களா?”

அந்தப் புத்தகம் பாதியோடு கிழிந்திருந்தது. அதை ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டுமா?

“அந்த நாட்டுல பாடம் நடத்தி யாரையும் அடக்கலைங்க. உடம்புல உள்ளதுக்கெல்லாம் இருந்த பேரை அழிச்சிட்டாங்க. அப்புறம் யாருக்கும் எங்க வலிக்குதுன்னு சொல்லக்கூட வார்த்தை இல்லாமப் போச்சு” என்றார்.

விட்டேனா? “எழுதினவர் அவசரத்துல முடிச்சிருப்பார்ம்மா” என்றேன். கைதட்டலில் கூரை பறந்தது. தலைமையாசிரியர் என் கையைப் பிடித்துக்கொண்டு, விருப்பமில்லாதவர்களின் பிள்ளைகள் அந்த நேரம் நூலகத்தில் உட்காரலாம் என்று அறிவித்தார். பார்த்தால், நம் பிள்ளை ஒருத்திதான். அத்தனை பெரிய நூலகத்தில் தன்னந்தனியாக, ராணி மாதிரி.

இதற்கு நடுவே சின்னதாக ஒன்று நடந்தது. பதற வேண்டாம். சாயங்காலம் பள்ளி விட்டு வந்தவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்தாள், மூடவே இல்லை. “டேங்க் காலியாகுது, உள்ள மீன் வளர்க்கறியா?” என்று கத்தினேன். சீருடைப் பாவாடையைத் துவைத்துப் பிழிந்து எடுத்துக்கொண்டு வந்தாள். அடுத்த நாள் தன் வண்ணப் பென்சில் டப்பாவைக் கீழ்வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டாள். யாரையும் தொட விடாதவள், மாப்பிள்ளை. பெருந்தன்மை எங்கள் பக்கத்து ரத்தம் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன். பிறகு கடைக்கு வந்து என் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“மாமா, நான் இல்லேன்னா உங்களுக்கு யாரு சாயங்காலம் டீ போடுவா?”

“ஏன், மந்திரியாகப் போறியா?”

“இல்ல. அம்மா போன மாதிரி நானும் போயிட்டா?”

“என்னடி பேச்சு இது? எங்க வலிக்குது?”

“கீழ” என்றாள். அவ்வளவுதான் அவளுக்குச் சொல்லத் தெரிந்தது. “அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில வந்த மாதிரியே ரத்தம் வருது மாமா. ரெண்டு நாளா. அப்பாகிட்ட சொல்லாதீங்க, வேலைய விட்டுட்டு ஓடி வந்துடுவார்.”

இரண்டு நாளாகச் சாகப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறாள்.

நான் அசரவில்லை. பெரிய டாக்டர் மாதிரி உட்கார வைத்து, காகிதத்தில் மோட்டார் படம் போட்டு, இது எல்லாப் பெண்களுக்கும் வருவதுதான் என்று பிட்டுப் பிட்டு வைத்தேன். சிரித்துவிட்டாள். ஆகவே கவலையே வேண்டாம், நீங்கள் வரவும் வேண்டாம். இயந்திர அறையின் சூடு உங்கள் உடம்பை வாட்டாமல் இருக்கட்டும். கப்பல் முதலாளி உங்கள் அருமை தெரிந்து நடக்கட்டும்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
மச்சான்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் பிள்ளையும் டீச்சரும் சொன்னது மட்டும்தான் நிஜம். கூட்டத்தில் யாரும் கைதட்டவில்லை. ஒருவர் இருமினார். படமும் நான் போடவில்லை. அவள் சொன்னதும், மாப்பிள்ளை, விசிறியைப் போட்டேன், நிறுத்தினேன், மறுபடி போட்டேன். அவள்தான் எழுந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். செருப்புக்கூடப் போடாமல் அந்த டீச்சர் வீட்டுக்கு ஓடினேன். அவர் ஒரு சொல் குத்திப் பேசவில்லை. உடனே வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, அவளோடு வெகுநேரம் பேசினார். வெளியே வந்து, “இது நோய் இல்லைன்னு புரிஞ்சுக்கிட்டா. அப்போ அம்மாவுக்கு வந்தது என்னன்னு கேக்கறா. அது எனக்குத் தெரியாதுங்களே” என்றார்.

எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். வயிற்றில் புண் என்று நாம் இருவரும் கூடிப் பேசித்தான் குழந்தையிடம் சொன்னோம். கர்ப்பப்பையில் புற்று. என் தங்கை போனதிலிருந்து இன்றுதான் இதை எழுதிப் பார்க்கிறேன். “அப்பா போன் பண்ணிச் சொல்லுவார்” என்று அவளிடம் சொல்லிவிட்டேன். கரை தொட்டதும் கூப்பிடுங்கள். உங்களுக்கு வாய் வராவிட்டால் போனை என்னிடம் கொடுக்கச் சொல்லுங்கள், நான் கணீரென்று சொல்லிவிடுகிறேன்.

இல்லை மாப்பிள்ளை, என்னால் முடியாது. நீங்களே சொல்லுங்கள்.