பட்டர்ப் பத்தியம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இரண்டு கோப்பை சோறும் ஆட்டிறைச்சிக் கறியும் சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காயமுன்னரே, புலம்பெயர்ந்து மோர்டனில் குடியிருந்த யோகலிங்கம் சோறு என்பது நஞ்சு என்று அறிவித்தார். தனக்கல்ல. ஐந்து வயது மகள் ஆரணிக்கு.

காரணம் இல்லாமல் இல்லை. முந்தினநாள் தமிழ்ப் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் மற்றப் பிள்ளைகள் உயிரைக் கொடுத்து ஓட, ஆரணி பாதி வழியில் புல்லில் குந்தியிருந்து டெய்சிப் பூப் பிடுங்கினாள். எல்லாம் சோற்று மந்தம் என்று யோகலிங்கம் வீடு வந்து சேருமுன்னரே கண்டுபிடித்துவிட்டார். அவர் வேலை செய்த கவுன்சில் ஒபிசில் பக்கத்து மேசைக்காரர் மெய்யப்பன், மலேசியாத் தமிழர். சோறு, பாண் ரொட்டி, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் விட்டுவிட்டு முட்டையும் பட்டரும் சீஸுமாகச் சாப்பிட்டுத் தொப்பையைக் கரைத்திருந்தார். மாச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டினால் உடம்பு குதிரை மாதிரி ஓடும் என்பது அவருடைய உபதேசம். அவர் சொன்னது நாற்பத்தைந்து வயதுத் தொப்பையைப் பற்றி. அந்தச் சின்ன விஷயம் யோகலிங்கத்தின் காதில் ஏறவில்லை.

மனைவி சிவகௌரி சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்துப் பதில்களை அடுக்கி வைத்திருந்தார். அவள் சட்டி கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"கொழுப்பைக் கூட்டப்போறீங்களோ? இந்த வீட்டிலை ஒராளுக்கு அது ஏற்கெனவே கூடித்தான் கிடக்கு" என்றாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "சரி, செய்வம். ஆனா என்னை நம்பேலாது. பிள்ளை அழுதா ஒரு பிடி சோறு தீத்திப்போடுவன். அவளின்ரை சாப்பாட்டை நீங்களே பாருங்கோ. விஞ்ஞானம் உங்களுக்குத்தானே தெரியும்" என்றாள்.

யோகலிங்கத்துக்கு நெஞ்சு விரிந்தது. பிள்ளையின் சாப்பாட்டு விஷயத்தில் நீர் இனித் தலையிடவே வேண்டாம் என்று பெருந்தன்மையோடு சொன்னார். சரியாகக் காதில் விழவில்லை என்று சிவகௌரி அதை இன்னொருமுறை சொல்லச் சொன்னாள். அவரும் சொன்னார்.

அன்றோடு அவருடைய நிம்மதி போயிற்று. காலையில் கழுத்துப்பட்டி கட்டிய கையோடு பட்டரில் முட்டை பொரிக்க வேண்டும். பின்னேரம் ரெயினில் நசிபட்டு வந்து சப்பாத்துக் கழற்றுமுன்னரே தோலோடு கோழிக்காலை வாட்ட வேண்டும். ஆரணி கோழித்தோலை உரித்துச் சுவரில் ஒட்டினாள். சீஸைச் சப்பிச் சப்பிக் கதிரைக்குக் கீழே ஒளித்தாள். கிரீமை மட்டும் குடித்தாள், அதுவும் மூக்கால் திரும்பி வந்தது. ஒருநாள் அவர் கோலிபிளவரைத் துருவி, தேங்காய்ப்பூப் போட்டு, குழலில் அவித்துப் பிட்டு என்று வைத்தார். பிள்ளை குனிந்து மணந்து பார்த்தாள்.

"திஸ் இஸ் நொட் பிட்டு, அப்பா" என்றாள், வழக்கில் தீர்ப்புச் சொல்கிற நீதவானைப் போல.

தங்கள் இருவருக்குமான சோறு கறியைச் சிவகௌரி மகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே சமைத்து முடித்துவிடுவாள். பின்னேரங்களில் குசினிக்குள் யோகலிங்கம் பட்டர்ப்புகையில் இருமிக்கொண்டு நிற்க, அவள் முன்னறையில் தேத்தண்ணியும் கையுமாக இருந்து தொலைக்காட்சியில் ஒரு நாடகத்தை முதல்முறையாக முடிவுவரை பார்த்தாள். கைவிட்டுவிடலாமோ என்று அவர் யோசிக்கிற நேரமெல்லாம், உங்களுக்கு இருக்கிற பொறுமை எனக்கு வராதப்பா என்பாள். அந்த ஒரு சொல்லுக்காக இன்னும் நாலு முட்டை உடைப்பார்.

இரண்டாம் கிழமை அவள் மெதுவாக ஒரு கதையை எடுத்தாள். ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சுப்பர்மார்க்கட்டில் இரவு ஷிப்டுக்கு ஆள் எடுக்கிறார்களாம். அவள் வேலைக்குப் போகக் கேட்டபோதெல்லாம், பிள்ளைக்கு ஆர் சமைக்கிறது என்ற ஒரே கேள்வியால் யோகலிங்கம் அவள் வாயை அடைத்து வந்தார். இப்போதும் அந்தக் கேள்வி தொண்டைவரை வந்தது. ஆனால் அவர் கையில் அகப்பை இருந்தது.

"நான் வீட்டிலை நிண்டா அவள் என்னட்டைத்தான் சோறு கேட்டு அழுவாள். உங்கடை பத்தியம் குழம்பிப்போம்" என்றாள் சிவகௌரி.

நியாயமாகத்தான் பட்டது. போய்ப் பாரும் என்று அவரே அனுப்பிவைத்தார். வேலையும் கிடைத்தது.

பிறகு ஆரணிக்கு மலம் இறுகி வெளிக்குப் போகவில்லை. பிள்ளை கழிப்பறைக்குள் இருந்து அழ, தகப்பன் கதவுக்கு வெளியே நிலத்தில் இருந்து கெஞ்சினார். அதற்கிடையில் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள். மத்தியானப் பெட்டியில் அவர் வைத்துவிடும் சீஸைக் கொடுத்து மற்றப் பிள்ளைகளின் ஜாம் சான்விச்சை வாங்குகிறாளாம் ஆரணி. கோழிக்காலுக்கு விலை இன்னும் அதிகமாம். உங்கள் மகளுக்கு நல்ல வியாபார மூளை என்று சொல்லி ரீச்சர் சிரித்தா. யோகலிங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் மூவருமாக டொக்டரிடம் போனார்கள். அந்த அம்மா முழுவதையும் கேட்டுவிட்டுப் பேனையைக் கீழே வைத்தா. மருந்துக்கு அடங்காத வலிப்பு உள்ள சில பிள்ளைகளுக்கு இப்படி ஒரு சாப்பாடு கொடுப்பது உண்டு, அதுவும் ஆஸ்பத்திரியின் கண்காணிப்பில், ஒவ்வொரு கவளத்தையும் நிறுத்து அளந்து. சுகமாக ஓடித் திரிகிற பிள்ளைக்குச் சோறும் பாணும் பழமும் மரக்கறியும் கட்டாயம் வேண்டும் என்றா. இதை யார் தொடங்கியது என்று கேட்டபோது யோகலிங்கம் "நாங்கள்" என்று சொல்லி மனைவியைப் பார்த்தார். சிவகௌரி சுவரில் இருந்த பல்லுத் தீட்டும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஒபிசில் யோகலிங்கம் மெய்யப்பன்மேல் பாய்ந்தார்.

"பிள்ளைக்கா கொடுத்தீங்க?" என்று அவர் திகைத்தார். "நான் தொப்பைக்குத்தானே சொன்னேன். நானே போன மாசம் விட்டுட்டேங்க. வீட்டுல தோசை வாசம் தாங்க முடியல."

அன்று பின்னேரம் யோகலிங்கம் தோல்வியை மரியாதையோடு ஒப்புக்கொள்வது என்று முடிவுசெய்தார். தோல்வியிலும் ஒரு லாபம் இருந்தது, குசினி கைமாறும். வீட்டுக்கு வந்து சோபாவில் சாய்ந்து காலை நீட்டினார். சிவகௌரி வேலைச் சட்டைக்கு மேலே கோட்டை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"கௌரி, பத்தியம் முடிஞ்சுது. பிள்ளை இனிச் சோறு சாப்பிடட்டும். நீரே பழையபடி பொறுப்பெடும்."

"நல்ல விஷயம்" என்றாள் அவள், பொத்தானைப் பூட்டிக்கொண்டே. "எனக்கும் நேற்று வேலையை நிரந்தரமாக்கிப்போட்டினம். வாற கிழமையிலையிருந்து பகலிலையும் வரட்டாம்."

யோகலிங்கம் காலை மடக்கினார். "அப்ப சமையல்?"

சிவகௌரி கதவைத் திறந்தாள். வெளியே இறங்கிய பிறகு தலையை மட்டும் உள்ளே நீட்டினாள்.

"இனி எல்லாருக்கும் ஒரே சோறுதானே. எனக்கும் சேர்த்துப் போடுங்கோ."